ஏம்பலத்துத் தங்கைக்கு, விருதுக்கு அனுப்பும் முன்



நீ அனுப்பிய ரஃப் கட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு நிமிடம். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பர் முதல் வாரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை ஆறு புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. குருவிநத்தத்திலும் சோரியாங்குப்பத்திலும் எந்தத் தெருவுக்கு எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது, யார் வாய்வழியாக வந்தது, வராமல் நின்றுபோனது எங்கே என்பதுதான் உன் படம் கேட்கிற கேள்வி. ஏம்பலத்திலிருந்து ஸ்கூட்டரில் போய் வந்து, சொந்தக் காசைப் போட்டு ஒரு பெண் இதை எடுத்திருக்கிறாள் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பாராட்டு இவ்வளவு போதும். நீ கேட்டது வேறு.

எந்தத் தொலைக்காட்சி விருதுகளுக்கு அனுப்பலாம், அதற்கு முன் எதை வெட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். சென்னையில் உனக்கு யோசனை சொன்னவர், ஓய்வுபெற்ற பொறியாளர் பேசும் ஏழு நிமிடத்தைத் தூக்கிவிடு, தொடக்கத்தில் ட்ரோன் ஷாட் வை, அந்தப் பாட்டி அழுவதை முன்னால் கொண்டுவா, ஜூரி முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு செய்துவிடும் என்றாராம். ஜூரியைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடும் படங்களின் தலையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் என் பதில் இதுதான்: அனுப்பு, ஆனால் நடுவருக்காக வெட்டாதே. புலனாய்வுப் படத்தை நடுவரை மனதில் வைத்து எடிட் செய்யக் கூடாது. நாளைக்கு எழுந்து நின்று 'இது பொய்' என்று சொல்லப்போகிறவரை மனதில் வைத்துத்தான் எடிட் செய்ய வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மக்களைப் பற்றிய ஒரு படம் உலகத்தின் பெரிய தொலைக்காட்சி விருதுகளில் ஒன்றுக்குப் போட்டியிட்டுத் தோற்ற கதை நம் கண்முன்னால் இருக்கிறது. 'இலங்கையின் கொலைக்களங்கள்' படத்தைச் சொல்கிறேன். காலம் மக்ரே இயக்கியது. ஜான் ஸ்னோ தொகுத்து வழங்க, பிரிட்டனின் சேனல் 4 அதை 2011 ஜூன் 14 இரவு பதினொரு மணிக்கு மேல் ஒளிபரப்பியது. மறு ஆண்டு பாஃப்டா தொலைக்காட்சி விருதுகளில் நடப்பு விவகாரப் பிரிவுக்குப் பரிந்துரையானது. விருது அதற்குக் கிடைக்கவில்லை. பிபிசி பனோரமாவின் 'அண்டர்கவர் கேர்' வாங்கிக்கொண்டு போனது. தமிழ்நாட்டில் பலருக்கு அப்போது கோபம். எனக்கும் இருந்தது. பிறகு அந்த இன்னொரு படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். முதலில் தோற்ற படம்.

அந்தப் படத்தின் வேர் 2009 ஆகஸ்டில் இருக்கிறது. கைகள் பின்னால் கட்டப்பட்ட ஆண்களைச் சீருடையில் இருப்பவர்கள் சுட்டுக் கொல்லும் ஒரு செல்போன் வீடியோவை, நாட்டை விட்டு வெளியேறிய இலங்கைப் பத்திரிகையாளர்களின் அமைப்பு ஒன்று வெளியே கொண்டுவந்தது. சேனல் 4 செய்தியில் அது வந்த உடனே இலங்கை அரசு போலி என்றது. அப்போது சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் ஆல்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? தடயவியல் மருத்துவர், வீடியோ ஆய்வாளர், துப்பாக்கி நிபுணர் என்று மூன்று பேரிடம் அதைத் தனித்தனியாக ஆய்வுக்குக் கொடுத்தார். துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதும், உடல் விழுவதும், ரத்தம் பரவுவதும், ஒலியும் படமும் ஒத்துப்போவதும் எல்லாம் சோதிக்கப்பட்டன. 2010 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்: வீடியோ உண்மையானது என்றே ஆய்வுகள் வலுவாகக் காட்டுகின்றன.

நீ கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த வரியை. நிபுணர்களால் விளக்க முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன என்று அவரே பட்டியல் போட்டார். சுடப்பட்டவர்களில் சிலரது அசைவு ஒன்று. வீடியோவின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 ஃபிரேம்கள் இன்னொன்று. கோப்புக்குள் பதிவாகியிருந்த தேதி மூன்றாவது. அது 2009 ஜூலை 17. போர் முடிந்ததோ மே மாதம். எதிராளிக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்குமா? அதை அவர் ஒளிக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் வீடியோ உண்மை என்பதோடு பொருந்தும் விளக்கங்கள் சாத்தியம்தான் என்று காரணத்தோடு எழுதிவிட்டு, சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தைத் தன் அறிக்கையிலேயே எழுதி வைத்துவிட்டதால், அதற்குப் பிறகு அந்தத் தேதியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களால் புதிதாக எதையும் சொல்ல முடியவில்லை.

இனி உன் படத்தின் 23ஆவது நிமிடத்துக்கு வா. இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டுத்தறியில் ஒரு மாடு கழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. திரையில் நீ 'நள்ளிரவு 1.50' என்று போட்டிருக்கிறாய். ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். பின்னால் ஒரு அம்மாவின் குரல், "மணி மூணாவப் போவுது, மாட்ட அவுத்து வுடுடா" என்கிறது. அந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தத்தைக் கூட்டிக் குரலை அமுக்கியிருக்கிறாய். ஏன் செய்தாய் என்று புரிகிறது. 1.50 என்பது வீடியோ எடுத்த பையன் உன்னிடம் சொன்ன நேரம் என்று உன் குறிப்பில் இருக்கிறது. தண்ணீர் 1.50க்கு வந்திருந்தால் ஒரு கதை, மூன்று மணிக்கு வந்திருந்தால் வேறு கதை. உனக்கு வேண்டியது முதல் கதை.

ஐந்து முறை வெள்ள எச்சரிக்கை விடுத்ததாகத் தமிழ்நாடு அரசு சொன்னது. முன்னறிவிப்பே இல்லை என்று எதிர்க்கட்சிகள் சொன்னன. இந்த இரண்டு கூற்றுகளுக்கும் நடுவில் நிற்கிற படத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர். ஹெட்போன் மாட்டிய முதல் எதிராளி அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பிறகு மீதி ஐம்பத்தோரு நிமிடமும் செல்லாக்காசு.

என்ன செய்யலாம்? அந்த வீடியோ உன்னிடம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அப்படி வருகிற வீடியோ சுருங்கி வரும். எடுத்த நேரம், எடுத்த போன் பற்றிய உள்தகவல்கள் உதிர்ந்துவிடும். கோப்பில் தெரிகிற தேதி பெரும்பாலும் அது உன் போனில் இறங்கிய தேதிதான். ஆகவே மூல போனைத் தேடிப் போ. கேபிள் போட்டு நேராக நகலெடு. போனின் கடிகாரம் நெட்வொர்க்கிலிருந்து தானாக நேரம் எடுக்கிறதா, கையால் வைத்ததா என்று பார்த்துக் குறித்துக்கொள். அந்த இரவு அந்தப் பையன் யாரையாவது போனில் கூப்பிட்டிருப்பான். மாமனையோ, பக்கத்துத் தெருக்காரனையோ. அந்த அழைப்புக்கு இந்த முனையிலும் அந்த முனையிலும் நேரம் பதிவாகியிருக்கும். மின்சாரம் போன நேரம் துணை மின்நிலையக் குறிப்பேட்டில் இருக்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்து வைத்தும் முரண்பாடு தீரவில்லையென்றால் குரலை அப்படியே விடு. 'எடுத்தவர் 1.50 என்கிறார், வீடியோவில் கேட்கும் குரல் மூன்று மணி என்கிறது' என்று திரையிலேயே எழுது. நடுவர் ஒருவருக்கு அது சலிப்பாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

நகலெடுத்த கையோடு அந்தக் கோப்புக்குக் கைரேகை மாதிரியான எண்ணான ஹாஷ் மதிப்பு எடுத்து நோட்டில் எழுதி வை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கும்போது கொடுக்கிற சான்றிதழில் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். உன் படம் என்றாவது கோர்ட்டுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. போனால் தயாராக இரு என்கிறேன்.

இப்போது ஜெயித்த படம். பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்று, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை. அங்கே மூத்த செவிலியராக இருந்த டெர்ரி பிரையன் என்பவர், நோயாளிகளை அடிக்கிறார்கள் என்று நிர்வாகத்துக்கும் எழுதினார், கண்காணிப்பு ஆணையத்துக்கும் எழுதினார். யாரும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் பிபிசி உள்ளே போனது. ஜோ கேசி என்ற செய்தியாளர் அங்கே ஊழியராகச் சேர்ந்து ஐந்து வாரம் ரகசிய கேமராவோடு வேலை பார்த்தார். 2011 மே 31 ஒளிபரப்பு. அடுத்த மாதமே மருத்துவமனை மூடப்பட்டது. பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஆறு பேர் சிறைக்குப் போனார்கள்.

ரகசிய கேமராவைப் பார்த்து நீ மயங்கிவிடக் கூடாது. எழுத்துமூலமான புகார்கள் முதலில் போயின, அவை கிடப்பில் போடப்பட்டன, வேறு வழி அடைபட்ட பிறகே கேமரா போனது என்பதால்தான் அந்தப் படத்தை யாரும் 'பொறி வைத்துப் பிடித்தது' என்று தள்ளிவிட முடியவில்லை. நம்மூரில் தலைகீழ். பொத்தான் கேமரா ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது என்பதால் மனு போடும் முன்பே கேமராவோடு கிளம்பிவிடுகிறார்கள்.

அதுவும் உன் கதையில் மனுதான் முக்கால்வாசி வேலை. அணை திருவண்ணாமலை மாவட்டத்தில். ஆறு வழியில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைத் தொட்டுவிட்டுப் புதுச்சேரிக்குள் வருகிறது. நம் பக்கம் எல்லை எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடை ஒரு அரசாங்கம், எதிரே இருக்கிற வயல் இன்னொரு அரசாங்கம். அதனால் உனக்குத் தகவல் உரிமை மனு இரண்டு வேண்டும். அணைத் திறப்பு நேரமும் எச்சரிக்கை அனுப்பிய நேரமும் கேட்டுத் தமிழ்நாட்டு நீர்வளத் துறைக்கு ஒன்று, அதை நீ ஏற்கெனவே போட்டுவிட்டாய்; அங்கே இரண்டாம் மேல்முறையீடு சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று புதுச்சேரி நிர்வாகத்துக்கு ஒன்று. நமக்குத் தனி ஆணையம் கிடையாது, இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. ஒரு பக்கம் 'அனுப்பினோம்' என்ற நேரம், மறு பக்கம் 'பெற்றோம்' என்ற நேரம். இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். உன் படத்தில் எந்த ட்ரோனும் காட்டாத காட்சி அது.

அதனால்தான் அந்த ஏழு நிமிடத்தை வெட்டாதே என்கிறேன். ஓய்வுபெற்ற அந்தப் பொறியாளர், அணைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு வெள்ள எச்சரிக்கை எப்படிக் கிளம்பும், யார் கையெழுத்து, யாருக்கு போன், ஆட்சியரிடமிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து கீழே என்று மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டுகிறார். சென்னைக்காரருக்கு அது போரடித்திருக்கிறது. எனக்கு உன் படத்திலேயே அதுதான் பிடித்தது. அவர் அரசு தரப்பை நியாயப்படுத்திப் பேசுகிற இடமும் நன்றாக இருக்கிறது. நீர்வரத்து அப்படி ஏறும்போது தண்ணீரைத் திறக்காமல் வைத்திருந்தால் அணைக்கே ஆபத்து, அப்போது இதைவிடப் பெரிய வெள்ளம் வந்திருக்கும் என்கிறார். அது நியாயமான வாதம். அதைப் பார்வையாளர் முழுசாகக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் உன் கேள்வி நிற்கிறதா என்பதுதான் சோதனை. நிற்கிறது. திறந்தது சரியா என்று நீ கேட்கவே இல்லையே. சொன்னது எப்போது என்றுதானே கேட்டாய்.

அவர் விரல் கோடு தாசில்தாரோடு நிற்கிறது. அதற்குக் கீழே யார்? இந்தக் கேள்வியை 41ஆவது நிமிடத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு அங்கேதான் உன்மேல் வருத்தம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006இல் நடந்தது. அதற்கும் முந்தியது 1968இல். 2006இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடத்தவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தை ஆணையர்தான் நடத்துகிறார். வார்டு மெம்பர் என்று ஒரு ஆள் இருந்தால், அவர் நல்லவரோ கெட்டவரோ, அடுத்த தேர்தலுக்குப் பயந்தாவது ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் மெம்பரும் தலைவரும் இருந்தார்கள். அங்கே தகவல் வந்த நேரத்தையும் இங்கே வந்த நேரத்தையும் நீ ஒப்பிட்டால் போதும். வித்தியாசம் இருந்தால் அது பெரிய கண்டுபிடிப்பு. இல்லையென்றால் அதையும் அப்படியே சொல். அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான். இந்தப் பகுதிக்கு இன்னும் மூன்று நிமிடம் கொடு. ட்ரோன் ஷாட் வைக்காமல் விட்டால் அந்த இடம் கிடைத்துவிடும்.

விருதால் என்ன பயன் என்று நீ கேட்கலாம். இருக்கிறது, நீ நினைக்கிற இடத்தில் இல்லை. போபால் விஷவாயு பற்றி தபன் போஸும் சுஹாசினி முலேயும் சலீம் ஷேக்கும் எடுத்த 'பியாண்ட் ஜெனோசைட்' படத்துக்குச் தேசிய விருதுகளில் சிறந்த கதைசாராப் படத்துக்கான தங்கத் தாமரை கிடைத்தது. விருது பெற்ற குறும்படங்களைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பும் என்று அமைச்சர் மேடையிலேயே அறிவித்தார். தூர்தர்ஷன் மறுத்துவிட்டது. படம் பழசாகிவிட்டது, நிதானம் இல்லை, இழப்பீட்டு வழக்கு நடக்கிறது என்று காரணங்கள். 1992இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணங்களை ஏற்கவில்லை, ஒளிபரப்பச் சொன்னது. அந்த வழக்கில் தங்கத் தாமரை ஒரு வாதமாக நின்றது. அரசே இந்தப் படத்துக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறது, அரசின் டிவி எப்படித் தரமில்லை என்று சொல்லலாம்?

ஆனந்த் பட்வர்தனின் 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' கதையும் இதேதான். 1996இல் தேசிய விருதுகளில் சிறந்த புலனாய்வுப் படம் என்ற விருதை வாங்கியது. தூர்தர்ஷனில் அதைப் போட வைக்க 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. இன்னொன்றும் தெரிந்துகொள்: சிறந்த புலனாய்வுப் படம் என்ற அந்தப் பிரிவே இப்போது இல்லை. 2022ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுப் பட்டியலில் அதைக் காணோம். மூன்று பத்தாண்டுக்கு மேல் இருந்த ஒரு பிரிவு போய்விட்டது, பெரிதாக யாரும் கேட்கவும் இல்லை.

ஆக விருது என்பது பின்னால் ஒருநாள் மேசைமேல் எடுத்து வைக்க ஒரு காகிதம். பொன்னாடையும் கேடயமும் அதோடு சேர்ந்து வருவது. அந்தக் காகிதத்துக்காக அனுப்பு. அனுப்பும் முன் ஒன்றை முடிவு செய்: தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். மக்ரே பிறகு எடுத்த 'நோ ஃபயர் சோன்' சர்வதேச எம்மி விருதுக்குப் பரிந்துரையான படம். 2014இல் நம் தணிக்கை வாரியம் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. இலங்கையோடு உள்ள நட்புறவு கெடும் என்பது காரணம். அவர் அதை இந்தியாவில் இணையத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார். உன் படத்துக்கு அவ்வளவு பெரிய எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு அரசுகள் சம்பந்தப்பட்ட படம். சான்றிதழுக்குக் காத்திருக்கும் மாதங்களைக் கணக்கில் வை. ராம்நாத் கோயங்கா விருதுகளில் பிராந்திய மொழி ஒளிபரப்புக்கும் புலனாய்வுக்கும் இடம் உண்டு. ஆனால் படம் முதலில் ஏதாவது சேனலில் வந்திருக்க வேண்டும். தமிழ்ச் சேனல்களில் ஐம்பது நிமிட ஆவணப்படத்துக்கு இடம் கேட்டுப் போனால் உனக்கு முதலில் டீ கொடுப்பார்கள். பிறகு இருபத்திரண்டு நிமிடமாக்க முடியுமா என்பார்கள். அப்போதும் அந்தப் பொறியாளரை விட்டுக்கொடுக்காதே, பாட்டியைக் குறை.

பாட்டியைப் பற்றி. அவர் அழுவதை நீ நாற்பது விநாடி வைத்திருக்கிறாய். அதுவே அதிகம். அவர் அழுது முடித்துவிட்டு, நெல் மூட்டை மூன்றும் முளைவிட்டதைக் கையில் அள்ளிக் காட்டுகிறாரே, அந்த முளைவிட்ட நெல்லை வை. அழுகையை வெட்டிவிடு. அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்கள் போனில் இந்தப் படம் வருஷக்கணக்கில் இருக்கும்.

முகத்தை மங்கலாக்கிப் பேச வைத்திருக்கிறாயே அந்த வவுச்சர் ஊழியர், அவரை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. முகம் தெரியவில்லை, சரி. பின்னால் நீல இரும்பு கேட் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் அரை எழுத்து உரிந்துபோன ரேஷன் கடைப் போர்டு. குரலை மாற்றவே இல்லை. அந்தக் கொம்யூனில் இருக்கிறவர்கள் மூன்றாவது வார்த்தையில் அது யார் என்று சொல்லிவிடுவார்கள். லண்டன் நடுவருக்கு அவர் நிழல். நெட்டப்பாக்கத்து ஆளுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். தினக்கூலி மாதிரி வவுச்சரில் சம்பளம் வாங்குகிறவரை வேலையை விட்டு நிறுத்த ஆணை கூட வேண்டாம். நாளையிலிருந்து வராதே என்று வாயால் சொன்னால் முடிந்தது. அவர் பேசியதை எழுத்தாக்கி, வேறொருவர் குரலில், கறுப்புத் திரையில் வை. அவர் சொன்ன விஷயம் மனு மூலம் கிடைக்கும் ஆவணத்தில் உறுதியானால் அவரைப் படத்திலிருந்தே எடுத்துவிடு. சாட்சியைக் காப்பாற்ற ஆவணத்தை விட நல்ல வழி கிடையாது.

படம் எடுத்தவர்களுக்கும் விலை உண்டு. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017இல் வந்தது. திரையிட அனுமதி மறுக்கப்பட்டு, யூடியூப் வழியாகத்தான் பரவலாகப் போனது. அந்த ஜூலையில் அவர் 2009ஆம் ஆண்டுப் பழைய வழக்கு ஒன்றில் கைது செய்யப்பட்டார். மலேசியாவில் 'நோ ஃபயர் சோன்' திரையிட்ட லேனா ஹென்ட்ரி தணிக்கை அனுமதி இல்லாமல் காட்டியதற்காக நான்கு ஆண்டு கோர்ட்டுக்கு அலைந்து, 2017இல் பத்தாயிரம் ரிங்கிட் அபராதம் கட்டினார். இதைச் சொல்வது உன்னைப் பயமுறுத்த இல்லை. உன் பெயரில் பழைய பைக் வழக்கு, கட்டாத அபராதம் ஏதாவது இருந்தால் இந்த வாரமே முடித்துவிடு என்பதற்காக.

வாக்குறுதி விஷயத்திலும் கறாராக இரு. முதுமலையில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கர் வாங்கியது. சில மாதங்களில், சொன்னபடி தங்களுக்குச் செய்யவில்லை என்று பொம்மன், பெள்ளி தம்பதி குறைப்பட்டதாகச் செய்தி வந்தது, தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று பேச எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் வெள்ளத்தில் வீடு போனவரிடம் 'இந்தப் படம் வெளியே வந்தா உங்களுக்கு நிவாரணம் கெடைக்கும்' என்று சொல்லிப் பேட்டி எடுக்காதே. அப்படி யாரிடமாவது சொல்லியிருந்தால் திரும்பப் போய், கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு வா. சில விருது விண்ணப்பங்களில் 'இந்தப் படத்தால் ஏற்பட்ட மாற்றம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட வெட்கப்படாதே. 'கொலைக்களங்கள்' வந்து இத்தனை ஆண்டு ஆன பிறகும் இறுதிப் போரின் குற்றங்களுக்காக இலங்கையில் ஒரு தளபதியும் தண்டிக்கப்படவில்லை. அதனால் அந்தப் படம் தோற்றது என்று சொல்ல முடியுமா? ஜெனீவாவில் அது திரையிடப்பட்டது. வாதத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகம் அதற்கு மறுப்பாகத் தானே ஒரு படம் எடுத்து வெளியிட்டது. ஒரு அரசாங்கம் மெனக்கெட்டு மறுப்புப் படம் எடுக்கிற அளவுக்கு உன் படம் இருக்கிறதா என்று பார். எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

பின்னணி இசை அதிகம். எடுத்துவிடு.

கடைசியாக, நீ முன்பே தமிழ்நாட்டு நீர்வளத் துறைக்கு மனு போட்டு, பதில் வராமல் முதல் மேல்முறையீடும் செய்து, 'தகவல் இல்லை' என்று ஆணை வந்திருப்பதாக எழுதியிருந்தாய். அதோடு விட்டுவிட்டு எடிட்டில் உட்கார்ந்துவிட்டாய் போலிருக்கிறது. அந்த ஆணை வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு போட வேண்டும். விருதுக்கு அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். முதலில் அந்த மேல்முறையீட்டை எழுது. வரைவை எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்
வில்லியனூர்